கொத்தனாருக்குப் பெண்பால்

எங்கள் கட்டுமானத் தொழிலாளர் பதிவு அலுவலகத்தில் எந்த விண்ணப்பமும் நிராகரிக்கப்படுவதில்லை. பரிசீலனையில் இருக்கும், அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அங்கே உதவியாளராக இருப்பவன் என்ற முறையில் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒரு அம்மா தன் கணவரோடு வந்தார். இருபது வருடமாகச் சுவர் கட்டுகிறவர், இருபத்திரண்டு பேரை வைத்து வேலை வாங்குகிறவர். கொத்தனார் என்று பதிவு அட்டை வேண்டும் என்றார். அவர் பொறுப்பில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் மேல்தளம் வரை வந்துவிட்டது. கம்பி கட்டியாயிற்று, வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட வேண்டும். புது உத்தரவுப்படி, அட்டை உள்ள கொத்தனார் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் கணினியில் 'பெண்' என்பதை அழுத்தினேன். தொழில் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் வந்தது: சித்தாள்.

"சித்தாள்னு போட்டுடவா?"

"சித்தாள் இவருங்க" என்று கணவரைக் காட்டினார். "கல்லும் கலவையும் எடுத்துக் குடுப்பாரு. கட்டறது நான்."

"ஆமாங்க" என்றார் கணவர்.

'ஆண்' என்பதை அழுத்தினேன். கொத்தனார், தச்சர் எல்லாரும் வந்தார்கள், சித்தாள் மட்டும் வரவில்லை. கணினியின் கருத்துப்படி அந்த இருவரும் தலைகீழாகக் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள்.

விஷயம் கண்காணிப்பாளரிடம் போயிற்று. தங்கமான மனிதர். 'பெண்கள் தலைமை ஏற்கட்டும்' என்று வாசலில் இருபதடிப் பதாகை கட்டவைத்தவரே அவர்தான்.

"சின்ன விஷயம்மா. உங்க வீட்டுக்காரரைக் கொத்தனார்னும் உங்களைச் சித்தாள்னும் போட்டுடலாம். ஒரே வீடுதானே?"

"சுவர் சாஞ்சா யாரைப் பிடிப்பீங்க?"

"கொத்தனாரைத்தான்."

"ஐயோ, எனக்கு வேண்டாங்க!" என்று கணவர் ரெண்டடி பின்னால் போனார். "எனக்குத் தூக்குக்குண்டு பிடிக்கக்கூடத் தெரியாது."

ஆகவே கொத்தனாருக்குப் பெண்பால் கண்டுபிடிக்க 'மகளிர் முன்னேற்றச் சொல்லாக்கக் குழு' அன்றே அமைக்கப்பட்டது. ஐந்து உறுப்பினர்கள், ஐவரும் ஆண்கள். மகளிரை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. குழுவுக்கான அழைப்புக் கடிதங்களைத் தட்டச்சு செய்தது எங்கள் அலுவலகத்தின் ஒரே பெண் ஊழியர்தான்.

குழு மூன்று நாள் கூடியது. 'கொத்தனாரம்மா' என்றார் ஒருவர். அது கொத்தனாரின் மனைவி அல்லவா என்று தள்ளப்பட்டது. 'கொத்தி' என்றார் இன்னொருவர். பாம்பு நினைவுக்கு வருவதாகப் பதிவு செய்யப்பட்டது. 'கொத்தனாள்' என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார்கள், சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை மதியம் இலக்கணம் படித்த உறுப்பினர் எழுந்தார். 'ஆர்' என்பது பலர்பால் விகுதி, எனவே கொத்தனார் என்ற சொல் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும் என்றார். எல்லோரும் கைதட்டினோம்.

கண்காணிப்பாளர் மட்டும் யோசித்தார். "பலர்பால்னா பலர் வேணுமே? இந்தம்மா ஒருத்திதானே?"

காலையிலிருந்து வராந்தாவில் நின்றுகொண்டிருந்த அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னொரு பெண் கொத்தனாரைக் கூட்டிட்டு வாங்கம்மா. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அட்டையாக் குடுத்துடறோம்."

அந்த அம்மா மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

"ஐயா, உங்க பதவி என்னங்க?"

"கண்காணிப்பாளர்."

"இதுலயும் கடைசியில 'அர்'தானே? அது என்ன பாலுங்க?"

"பலர்பால்தான்" என்றார் இலக்கணம் படித்தவர், ஆர்வக்கோளாறில்.

"அப்ப இன்னொரு ஐயா எங்கங்க?"

கண்காணிப்பாளர் திரும்பித் தன் அலமாரியைப் பார்த்தார். பதினொரு வருடக் கோப்புகள், அத்தனையிலும் ஒற்றை ஆள் கையெழுத்து. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஐந்தே நிமிடத்தில் தன் கைப்பட அட்டையை எழுதி, முத்திரை குத்தி, "இதை வெளியில பேச வேண்டாம்மா" என்று எழுந்து நின்று கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கான்கிரீட் விழுந்தது. அடுத்த வாரம் எங்கள் வாசலில் பதாகை மாறியது: 'முதல் பெண் கொத்தனாரை உருவாக்கிய அலுவலகம்'. படத்தில் கண்காணிப்பாளர் கொத்துக்கரண்டி பிடித்திருந்தார், தலைகீழாக. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் அப்படி வெறும் பதாகை கட்டுகிற ஆள் இல்லை. போன மாதம் என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்ட அந்த அம்மாவைத்தான் தேடிப்பிடித்து வரச் சொன்னேன். தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

இருவரும் வந்தார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துக் கணவருக்குப் போட்டு, அவரை வற்புறுத்தி உட்காரவைத்தேன்.

"சொல்லுங்க சார், பழைய சுவர் பாரம் தாங்குமா?"

அவர் நெளிந்தார். அந்த அம்மா நின்றபடியே சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"தாங்கும் சார்" என்று சொல்லி, அளவு நாடாவின் நுனியை என் கையில் கொடுத்தார். "அவரைத்தான் உட்கார வச்சுட்டீங்களே, சித்தாள் வேலைக்கு ஆள் வேணும். இதைப் பிடிச்சுக்கிட்டு அந்த மூலைக்குப் போங்க."

போனேன். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "நேராப் பிடிங்க" என்றாள்.