தறிக்குழியும் மாடிப்படியும்

மனித குலம் கண்ட மாபெரும் அறங்களுள் தலையாய அறம் எது? பசித்தவனுக்குச் சோறிடுவது என்பார் சிலர். பாமரனுக்குக் கல்வி தருவது என்பார் சிலர். பாவம், அவர்கள் கைப்பேசிக் காப்பீட்டை அறியாதவர்கள்! கையிலிருந்து பொருள் நழுவினாலும் மனத்திலிருந்து நிம்மதி நழுவாமல் தாங்கிப் பிடிக்கும் தனிப்பெரும் அறம் அது. அந்த அறத்திலும் ஒரு சிகரம் உண்டு. இழப்பீடு கேட்டு வருவோர்க்கு அது அனுப்பிவைக்கும் மறுப்பு மடலே அந்தச் சிகரம்.

அத்தகைய மடல் ஒன்றைப் பெறும் பேறு ஆரணியில் ஸ்வர்ணலதாவுக்கு வாய்த்தது.

ஸ்வர்ணலதா பட்டு நெய்பவள். அவளும் கணவன் சந்திரமோகனும் நெய்த சேலைகள் எல்லாம் பட்டு வணிகர் சுப்பராயலுவின் கடைக்கே போய்ச் சேரும். அவர் வாயிலிருந்து வருவதே விலை. இப்படி ஒழுங்காக நடந்துவந்த உலகத்தில் ஸ்வர்ணலதா ஒரு குற்றம் புரிந்தாள். நல்ல கைப்பேசி ஒன்றைக் காப்பீட்டோடு வாங்கினாள். தறியில் வளரும் சேலையை வீடியோவில் காட்டி, உடுத்தப் போகிறவர்களிடமே பேசத் தொடங்கினாள். திருச்சியிலிருந்து தேவகி என்னும் அம்மாள், மகளின் ஆவணி முகூர்த்தத்துக்கு அரக்கு நிறத்தில் ஒரு சேலை கேட்டார். சுப்பராயலுவின் கைபடாமல் அவள் விற்கப்போகும் முதல் சேலை அது.

முந்தானையைக் காட்டுவதற்காக ஒருநாள் கைப்பேசியைத் தறிக்கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, இழைகளை நெருக்கும் பலகையை ஓங்கி அடித்தாள். கைப்பேசி துள்ளியது. கால்களைத் தொங்கவிட்டு அவள் உட்கார்ந்திருந்த தறிக்குழிக்குள் விழுந்தது. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் நெசவு பழகிய கால் சும்மா இருக்குமா? மிதிகட்டையை மிதித்தது. மிதிகட்டையின் அடியில் கைப்பேசி கிடந்தது.

'நிம்மதிக் கவசம்' காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தாள். கைப்பேசி விழுந்த இடமாக மாடிப்படி, பேருந்து, குளியலறை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் சலுகையை நிறுவனம் வழங்கியிருந்தது. அதை உதறிவிட்டு, ‘இதர’ என்ற இடத்தில் ‘தறிக்குழி’ என்று எழுதினாள். ஆரணிக்காரி அல்லாத எவரும் செய்யத் துணியாத பிழை!

மடல் வந்தது: "காப்பீடுதாரர் தம் இல்லத்தினுள் குழி வைத்திருப்பதும், அதனுள் தாமே இறங்கியிருப்பதும், கைப்பேசியையும் அதன் விளிம்புக்கு அழைத்துச் சென்றிருப்பதும் தெளிவாகின்றன. எனவே இது விபத்தன்று; திட்டம். கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

எத்தனை கூர்மையான மதி! சந்திரமோகனின் பட்டன் போனில் சிம்மைப் போட்டு, நிறுவனத்தை அழைத்தாள் ஸ்வர்ணலதா. சத்யப்ரியா என்னும் அலுவலர் அன்பொழுகப் பேசினார்.

"வீட்டுக்குள்ள எதுக்கு மேடம் குழி தோண்டினீங்க?"

"நான் எங்கம்மா தோண்டனேன்? எங்க மாமனாரு தோண்டனது."

"ஓ! அப்போ பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த குழி. அதை எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க."

"மறைக்கலம்மா. தெனம் அதுலதான் உக்காந்துகினு இருக்கேன்."

"மேல உக்காந்து நெய்யக் கூடாதா மேடம்?"

"கால எங்க வெக்கறது? உங்க ஆபீசுலயா?"

இந்தக் கேள்வி ‘மேல்முறையீடு’ என்று பதிவு செய்யப்பட்டது.

செய்தி கேட்டு ஆறுதல் சொல்ல ஓடோடி வந்தார் சுப்பராயலு. துக்க வீட்டுக்கு இவ்வளவு மகிழ்ச்சியோடு வந்தவரை அந்தத் தெரு கண்டதில்லை.

"இன்னாம்மா, போனு பூடுச்சாமே? திருச்சிக்காரங்க பாக்காம வாங்குவாங்களா? ஏன் பேஜாரு? ஜல்தியா முடிச்சி நம்ம கடைக்கே குடுத்துடு."

"கட்டிக்கப் போறது நீங்கன்னா சொல்லுங்க, இப்பவே குடுக்கறேன்."

சுப்பராயலு சிரித்துக்கொண்டே போனார். காத்திருக்கத் தெரிந்தவர். அக்கம்பக்கத்தில் வேறு கைப்பேசிகள் இல்லாமலில்லை. ஆனால் அவற்றின் உரிமையாளர்கள் அனைவரும் சுப்பராயலுவுக்கு நெய்பவர்கள். அவள் இரவல் கேட்ட வேளையில் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒருசேரச் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. அன்று மாலையே தேவகி அம்மாளும் அழைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணுல காட்டிரும்மா. இல்லாட்டி நாங்க கடையில எடுத்துக்கிறோம்."

மேல்முறையீட்டை விசாரிக்க, நிறுவனத்தின் சேத மதிப்பீட்டு அலுவலர் டேனி புதன்கிழமை எழுந்தருளினார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அளவு நாடா, முகத்தில் நீதி. தறியைச் சுற்றி வந்தார். குழியை அளந்தார். பிறகு குழியின் அந்தரங்கத்தைப் படமெடுக்கக் குனிந்தார்.

கைப்பேசி நழுவியது. குழிக்குள் விழுந்தது.

"ஐயோ!" என்று அலறி உள்ளே குதித்தார் அலுவலர். பூட்ஸோடு குதித்தார். கைப்பேசியின் மேலேயே குதித்தார்.

அதுவரை ‘சார்’ என்று அழைத்துவந்த ஸ்வர்ணலதா, பரிவோடு கேட்டாள்: "தம்பி, இது விபத்தா, திட்டமா?"

டேனி சந்திரமோகனின் பட்டன் போனை இரவல் வாங்கி, குழிக்குள் நின்றபடியே அலுவலகத்தை அழைத்தார்.

"சத்யா, டேனி பேசறேன். என் போன் ஒடஞ்சிடுச்சு. நம்ம பாலிசிதான். எங்கயா? மாடிப்படில."

கோரிக்கை அந்த நொடியே ஏற்கப்பட்டது. என்னே விரைவு! என்னே விவேகம்!

குழியிலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிட்ட நன்றி டேனியின் நெஞ்சை நெகிழ்த்தியது. "அக்கா, நீங்களும் மாடிப்படின்னு சொல்லிடுங்க. நான் கையெழுத்து போட்டுடறேன்."

"எங்க வூட்ல மாடியே இல்லியே தம்பி."

"அத யாருக்கா வந்து பாக்கப் போறாங்க? பாக்கறதுக்கு கம்பெனி அனுப்பறது என்னத்தானே?"

ஸ்வர்ணலதா திரும்பிப் பார்த்தாள். தறியில் அரக்குச் சேலை முடியும் தறுவாயில் இருந்தது. அவள் சுப்பராயலுவின் சிரிப்பை நினைத்தாள். டேனி மறுபடி சத்யப்ரியாவை அழைத்துத் தந்த போனைக் கையை நீட்டி வாங்கினாள்.

"மேடம், போன் எங்க விழுந்துச்சு?"

"மாடிப்படில."

"எந்தப் படில மேடம்?"

"மேலருந்து மூணாவது."

சந்திரமோகன் அண்ணாந்து பார்த்தான். ஓட்டு இடுக்கில் வானம் தெரிந்தது. படி ஒன்றும் தென்படவில்லை.

"அப்போ நீங்க எழுதின அந்தக் குழி?"

ஸ்வர்ணலதா குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

"குழி கிழி ஒண்ணும் இல்லம்மா. தெரியாம எழுதிட்டேன்."

"ரொம்ப நன்றி மேடம். இப்படி உண்மையச் சொல்லிட்டா எங்களுக்கும் சுலபம் பாருங்க."

"மாடிப்படி நேரில் பார்வையிடப்பட்டது. உறுதியாக உள்ளது" என்று சான்றளித்தார் டேனி. வியாழனன்று புதுக் கைப்பேசி வந்தது. வெள்ளியன்று தேவகி அம்மாள் முந்தானையைக் கண்குளிரக் கண்டார். சேலை திருச்சிக்குப் போயிற்று. சுப்பராயலு அந்தத் தெருவில் சிரிப்பதைச் சில காலம் நிறுத்திவைத்தார். ஸ்வர்ணலதாவை ‘நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்’ என்று பாராட்டிப் புதுக் கைப்பேசிக்கே ஒரு வாழ்த்துச் செய்தி வந்து சேர்ந்தது. அவள் அதை யாரிடமும் காட்டவில்லை.

ஆகவே, போற்றுவோம் காப்பீட்டை! உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த வரை மோசடிக்காரியாக நின்றவள், ஒரே ஒரு பொய்யில் உத்தமியாக உயர்த்தப்பட்டாள். அந்தப் பொய்யைக் கற்பித்த ஆசிரியர்களுக்கு உரிய கட்டணத்தை, கைப்பேசி வாங்கிய அன்றே, பிரீமியம் என்ற பெயரில் அவளிடம் வசூலித்துவிட்டார்கள்.