மோட்டார் பாதுகாப்புப் பெருந்திட்டம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அவற்றுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க சாதனை, எங்கள் படகுச் சங்கத்தின் மோட்டார் பாதுகாப்புத் திட்டம்தான். செயலாளர் என்ற முறையில் அடக்கத்தோடு சொல்கிறேன்.

அதற்கு முன் இங்கே நிலவியது காட்டுமிராண்டித்தனம். கரைக்கு வந்ததும் அவனவன் படகின் பின்னாலிருந்து மோட்டாரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். என் தங்கை வீட்டுக்காரர் அதைக் கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டிவைப்பார். "எனக்குப் போர்வை இல்லேன்னாலும் அதுக்குப் போத்திவிடுறாருண்ணே" என்பாள் தங்கை. ஒரு மோட்டார்கூடக் களவு போனதில்லைதான். ஆனால் அதில் ஒரு "திட்டமிடல்" இல்லையே.

பக்கத்துப் படகுத்துறையில் ஒரு மோட்டார் களவு போயிற்று. உடனே கூட்டம் போட்டோம். எல்லா மோட்டார்களும் சங்கக் கட்டடத்து அறைக்குள் போயின. கதவுக்கு மூன்று பூட்டு. சாவிகள் தலைவரிடமும் பொருளாளரிடமும் என்னிடமும். மூவரும் "ஒருங்கே" வந்தால்தான் கதவு திறக்கும். தலைவரின் மோட்டாருக்கு மட்டும் விலக்கு. கடலில் திருடர் நடமாட்டத்தைக் கண்காணிக்க யாராவது போகத்தானே வேண்டும்? வெறுங்கையோடு போவானேன் என்று வலையையும் எடுத்துப் போனார்.

மறுநாளே மீன் வரத்து தொடங்கிவிட்டது. அதில் கிடைப்பதை வைத்துத்தான் தங்கை வீட்டில் வருஷத்தை ஓட்டியாக வேண்டும். விடிந்ததும் மாப்பிள்ளை என் வாசலில் நின்றார்.

"மச்சான், மோட்டாரைக் குடுங்க."

"என் சாவி ரெடி மாப்ள. தலைவர் சாவியும் வேணுமே."

"அவர் எங்க?"

"கடல்ல. உங்க மோட்டாருக்காகத்தான் மனுசன் அலையுறார்."

"எப்ப வருவார்?"

"மீன் குறைஞ்சதும். அதாவது, திருடர் நடமாட்டம் குறைஞ்சதும்."

மாப்பிள்ளை நேரே காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். சங்கத்தின் மானத்தைக் காக்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

"மோட்டாரைக் காணோமா?" என்றார் காவலர்.

"எங்க இருக்குன்னு தெரியும் சார். எடுக்க முடியல."

"எதையாவது உடைச்சிட்டாங்களா?"

"இல்ல சார், பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருக்குன்னு புகார் குடுக்க வந்த மொத ஆள் நீதான்யா" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

மீன் வரத்து முடியும்வரை மாப்பிள்ளை கரையில் உட்கார்ந்து, கிழியாத வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் மோட்டார்களில் ஒரு கீறல் உண்டா, சொல்லுங்கள்.

"களவே இல்லாத பருவம்" என்று விழா எடுத்தோம். கண்காணிப்பில் களைத்துப் போயிருந்த தலைவர், புதிதாக வாங்கிய இரண்டாவது படகில் வந்து இறங்கினார். "பயனடைந்தவர்" என்ற முறையில் மாப்பிள்ளையை நன்றி சொல்ல மேடைக்கு அழைத்தோம். அவர் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"திருடன் எடுத்திருந்தா ஒரு புகாராவது எழுதியிருப்பாங்க" என்றார். "சங்கம் எடுத்ததால நன்றி சொல்லச் சொல்றாங்க. நன்றி."