பதினோராம் அறையில் தங்க மறுத்த நாற்காலி

"உங்க வீட்ல ஸ்கூல் வாசல் மிதிச்ச முதல் ஆளே நீதானாம். இந்தச் சாமானுக்கெல்லாம் லிஸ்ட் எழுத உன்னால ஆகுமாம்மா?" என்று கேட்டார் எங்கள் மியூசியத்துச் செயலாளர். ஒரு மாதம் தவணை. பட்டியல் சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்கு. எழுதிக் காட்டுகிறேன் என்றேன்.

கிழக்குத் தாம்பரத்தின் பழைய லாட்ஜ்தான் எங்கள் மியூசியம். அறைக்கு அறை பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்கு நாற்காலி, சரவிளக்கு, பீங்கான் பொம்மை. லாட்ஜ் மூடிய செய்தி தாம்பரத்தில் ஒருவருக்கு மட்டும் எட்டவில்லை. அவர் அங்கே ரூம் பாயாக இருந்து காவலாளியான சாவி அண்ணா.

தினமும் பகல் பன்னிரண்டுக்கு ஒவ்வொரு கதவையும் தட்டுவார். "செக்-அவுட் டைம் ஆச்சு. கீறியா, காலி பண்றியா?" கதவில் காது வைத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். வாசலுக்கு வாசல் தண்ணீர் ஜக்கும் வைப்பார். மாலையில் எல்லாம் காலியாக இருக்கும். அவரே குடிக்கிறார் என்று நம்பினேன்; பதினான்கு ஜக்!

பதினோராம் அறை நாற்காலி ஒருநாள் நான்காம் அறையில் இருந்தது.

"யாருண்ணா மாத்தினது?"

"நான்தான். அந்த ரூம்ல கண்ணாடி மொறைச்சுகினே கீதாம். பேஜாரா கீதுன்னிச்சு."

"யாரு சொன்னா?"

"நாற்காலிதான். வேற யாரு கீறாங்க இங்க?"

பட்டியலைப் பன்னிரண்டு முறை திருத்தினேன். கடைசி நாள் கெஞ்சினேன்: "இன்னிக்கு யாரையும் மாத்தாதீங்கண்ணா. என் வேலை போயிடும்."

சாவிக்கொத்தை என்னிடமே கொடுத்துவிட்டு கேட்டருகே போய் உட்கார்ந்தார். நாற்காலியைப் பதினொன்றில் வைத்து, எல்லா அறைகளையும் பூட்டினேன். செயலாளர் வரும்வரை என் கண் சாவி அண்ணாமேலேயே இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

செயலாளர் வந்ததும் வரிசையாகத் திறந்துகொண்டே போய் நான்காம் அறையைத் திறந்தேன். நாற்காலி அங்கே, சுவரைப் பார்த்தபடி.

"லிஸ்ட்ல பதினொண்ணுன்னு போட்டிருக்கே?" என்றார் செயலாளர்.

பின்னால் சாவி அண்ணாவின் குரல்: "தங்கச்சி கரெக்டாதான் எழுதிச்சு சார். நான்தான் மாத்திட்டேன்."

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எனக்குப் பயம் வரவில்லை. தனிமைதான் வந்தது. பொய்யில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து பெருமைப்படவும் முடியவில்லை. நேற்று செயலாளரிடம் என் கைப்பட எழுதிய கடிதத்தைக் கொடுத்துவிட்டேன்: 'அவர் மாற்றவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் என்னையும் அனுப்பிவிடுங்கள்.'