ஷெஃபீல்டில் இருந்து வந்த செவ்வாய்

வெரிபீ, மெல்பேர்ண்.
வியாழக்கிழமை காலை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அருமைநாதன் அறிய, புவனேஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய தங்கை விக்னேஸ்வரியும், என் வலது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கே ஷெஃபீல்டில் நீரும் உம்முடைய வீட்டுக் கூரையும் இந்த வருடக் குளிரைத் தாங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீர் பாதிக் கதையில் சிரிக்கத் தொடங்கிவிடுவீர். இது சிரிக்கிற விஷயம் இல்லை. என் மகள், உம்முடைய மருமகள் ஆரபியின் கலியாணம் அந்தரத்தில் தொங்குகிறது. அதைத் தொங்கவிட்டவன் நான். என்னைத் தொங்கவிட்டவர் நீர்.

எப்படி என்று விளங்கப்படுத்துகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து வெரிபீயில் கால்பந்துக் கழகம் தொடங்கியது உமக்கு நினைவிருக்கும். ஒருவன் டாக்ஸி, ஒருவன் முதியோர் இல்லம், நான் கார்த் தொழிற்சாலையில் இரவு வேலை. எல்லாருக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்த நாள் செவ்வாய் ஒன்றுதான். பெயர் வைக்கிற கூட்டத்தில் ஆளுக்கொரு ஊர்ப் பெயரைச் சொல்லி, உட்கார்ந்திருந்த கதிரையைத் தூக்குகிற அளவுக்கு வந்துவிட்டது. அந்தக் கிழமைதான் உம்முடைய கடிதம் வந்தது. பந்து வட்டமா சதுரமா என்று அதுவரை கேட்டிராத உம்முடைய தங்கை, என் முன்னால் உட்கார்ந்து அதை இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள். உங்கள் ஊரில் 1820ஆம் ஆண்டு சில பேர் புதன்கிழமைகளில் கிரிக்கெட் ஆடினார்கள், அதனால் தங்கள் கழகத்துக்குப் புதன் என்றே பெயர் வைத்தார்கள், 1867இல் கால்பந்துக்கும் வந்தார்கள், இன்றைக்கும் அது ஷெஃபீல்ட் வெட்னஸ்டேதான் என்று எழுதியிருந்தீர். எனக்கு உடம்பு சிலிர்த்தது மச்சான். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, "அவைக்குப் புதன் எண்டால் எங்களுக்குச் செவ்வாய்" என்றேன். இரண்டு பேர், செவ்வாய்க்கிழமையில் ஒருவரும் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள் என்று முணுமுணுத்தார்கள். சாத்திரம், சகுனம் என்றால் எனக்கு எப்படிப் பத்திக்கொண்டு வரும் என்று உமக்குத் தெரியும். அதற்காகவே அந்தப் பெயரை நிறைவேற்றினேன். பதிவுப் பத்திரத்தில் வெரிபீ டியூஸ்டே. எங்கள் வாயில் செவ்வாய்.

அன்று தொடக்கம் இன்றுவரை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடக்கிறேன். இத்தாலியின் ஜுவென்டஸ் போடுகிற கறுப்பு வெள்ளைக் கோடு நொட்டிங்காமில் இருந்து போன ஜெர்சியால் வந்தது. பிரேசிலின் கொரிந்தியன்ஸ், சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்துக் கழகம் ஒன்றின் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தப் பெரிய வம்சத்தில் வெரிபீச் செவ்வாயும் ஒரு கிளை என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் நான் பேசாமல் விட்டதில்லை. பேச்சு நீளம் என்று சொல்கிறார்கள். சொல்லட்டும். ஒரேயொரு குறை, ஷெஃபீல்டின் நீலமும் வெள்ளையும் எங்களுக்கு வாய்க்கவில்லை. சிவப்புத்தான் ஊத்தை தெரியாது என்று உம்முடைய தங்கை ஒற்றைக்காலில் நின்று சிவப்பு ஜெர்சி எடுப்பித்தாள். ஆனால் அவளைப்போல ஒரு கழகத்துக்கு உழைத்த பெண்ணை நான் கண்டதில்லை. இருபத்தைந்து வருடமாகச் செவ்வாய்தோறும் பயிற்சி முடிந்து வருகிற பிள்ளைகளுக்குத் துவரம்பருப்புச் சாதம் அவள் கையால்தான். வேறு பருப்புப் போட்டால் என்ன என்று கேட்டால் முறைப்பாள். இன்றைக்கு எங்களுக்குப் பெண்கள் அணி இருக்கிறது. அதன் கப்டன் ஆரபி. கோலுக்குள் அவள் நின்றால் காற்றும் கேட்டுத்தான் உள்ளே போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆரபியும் பாலாவும் இங்கே கிளேட்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்து, ஒருவரை ஒருவர் விரும்பியது உமக்குத் தெரியும். பெடியன் இப்போது சிட்னியில் தாய் தகப்பனோடு. தகப்பன் கல்யாணசுந்தரம் தஞ்சாவூர்ப் பக்கம், மிகத் தன்மையான மனிதர். தாய் வேதவல்லி அம்மாள் பக்திமான். மூன்று கிழமைக்கு முன் அந்த மனிதர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வர்ற செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் வர்றோம் சார், பொண்ண பார்த்துட்டு ஒரு வார்த்தை பேசிடலாமா?" என்றார்.

நான் ஓம் என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம். "செவ்வாய் சரிவராது ஐயா, பிள்ளைக்குச் செவ்வாய் இருக்கு" என்றேன்.

அவர் திருப்பிக் கேட்டார். "செவ்வாயா? நிஜமாவா சார்?"

"ஓம் ஐயா. பதினொரு வயசில இருந்து."

"பதினொரு வயசுலயா? பிறக்கும்போது இல்லையா?"

"இல்லை இல்லை, பிறகு நான்தான் கையெழுத்து வச்சுச் சேர்த்தனான். எனக்கும் செவ்வாய்தானே. இந்த வெரிபீயில செவ்வாயைத் தொடக்கினதே நான்தான்."

"நீங்களேவா?"

"எனக்கு என்ர மச்சானிட்ட இருந்து வந்தது. அவருக்கு இங்கிலாந்தில இருந்து. இருநூறு வருசத்துப் பரம்பரை ஐயா!"

அவர் அவசரமாக, "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். எங்கள் வரலாற்றைக் கேட்டு மலைத்துப்போய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

பிறகு இரண்டு கிழமை சிட்னியில் இருந்து பேச்சு மூச்சு இல்லை. மூன்றாம் கிழமை தொடங்க, ஆரபி வேலையால் வந்து, போட்டிருந்த சப்பாத்தையும் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "அப்பா, பாலாவின்ர அம்மா ஒரே கோயிலும் சாத்திரியாரும். ஐ ஹாவ் செவ்வாய் தோஷம் எண்டு நீங்களே சொன்னீங்களாம். யூ ஹாட் வன் ஜொப்!" என்றாள். அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. அவள் பிறகு அழுதாள் மச்சான். கால் எலும்பு வெடித்தபோதும் அழாத பிள்ளை. "அவையோட சண்டை பிடிச்சுக் கட்ட எனக்கு விருப்பமில்லை. அவன்ர அம்மா சிரிச்சுக்கொண்டு வரவேணும்" என்றாள்.

விஷயம் காற்றில் பரவி, எங்கள் செயலாளர் விக்னராஜா வீட்டுக்கு வந்தான். "அண்ணை, பிள்ளையின்ர வாழ்க்கை. ஞாயிறு பொதுக்கூட்டத்தில பேரை மாத்துவம். வெரிபீ யுனைடெட் எண்டு வைப்பம், உலகத்தில பாதி யுனைடெட்தானே" என்றான். எனக்கு அந்தப் பெயர் உயிர். ஆனால் பிள்ளையைவிடப் பெயர் பெரிதா? சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குசினிக்குள் இருந்து உம்முடைய தங்கை கரண்டியோடு வந்து நின்றாள். "செவ்வாயில ஒருத்தரும் கை வைக்கப்படாது. அவளுக்குக் கலியாணம் முடியுமட்டும் ஒரு எழுத்தும் மாத்தப்படாது!" என்றாள். விக்னராஜா தேத்தண்ணியையும் குடிக்காமல் எழும்பிப் போனான். ஷெஃபீல்ட் மீது அவளுக்கு இவ்வளவு பற்றா என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தத் தெம்பில் செவ்வாய் விடியக் காரை எடுத்தேன். பின் ஆசனத்தில் சிவப்பு ஜெர்சி நாலு, வெற்றிக் கிண்ணம் மூன்று, கூட்டக் குறிப்புப் புத்தகம், ஷெஃபீல்ட் மைதானத்தின் படம். சிட்னிக்குப் பத்து மணித்தியாலம் ஓடி, தொலைபேசியில் பேசிக்கொண்டபடி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அவர்களைச் சந்தித்தேன். கன்ரீனில் தோசை வாங்கித் தந்தார்கள். நான் தோசையைத் தொடவில்லை. கிண்ணங்களை மேசையில் வைத்துவிட்டு 1820இல் தொடங்கினேன். புதன்கிழமை, கிரிக்கெட், நொட்டிங்காம் ஜெர்சி, பிரேசில், கதிரைச் சண்டை, உம்முடைய கடிதம், எதையும் விடவில்லை. பக்கத்து மேசைக்காரரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் எழுந்து நின்று, "ஆகையால் அம்மா, எங்கட செவ்வாய் கிரகம் இல்லை, கழகம்! என்ர பிள்ளைக்கு ஒரு தோசமும் இல்லை!" என்று முடித்தேன். பக்கத்து மேசையில் கைதட்டினார்கள்.

வேதவல்லி அம்மாளின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. "அப்போ பொண்ணுக்கு செவ்வாய் இல்லையா?" என்றார்.

"துளியும் இல்லை!" என்றேன், பெருமையாக.

கல்யாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "சார், பாலாவுக்கு ஏழுல செவ்வாய். செவ்வாய் இருக்கிற பொண்ணாத்தான் பார்க்கணும்னு ஜோசியர் சொல்லிட்டார். நாலு வருஷமா இவ தூங்கல. அவன் லவ் பண்ற பொண்ணுக்கே செவ்வாய்னு நீங்க ஃபோன்ல சொன்னதும் முருகனுக்கு இருபத்தேழு நெய்விளக்கு போட்டா. ரெண்டு வாரமா நல்ல நாள்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்."

மச்சான், என் வாழ்நாளில் நான் இவ்வளவு நன்றாக ஒரு பேச்சும் பேசியதில்லை. அதைப் பேசி என் பிள்ளையின் கலியாணத்தை நானே குழப்பிவிட்டு, மூன்று கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வேதவல்லி அம்மாள் வாசல்வரை வந்து, "ஜாதகத்த ஒருதடவை பார்த்துட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். எங்கே பார்ப்பது? ஆரபிக்குச் சாதகக் குறிப்பு எழுதக்கூடாது என்று அவள் பிறந்த அன்றே சட்டம் போட்டவன் நான். பிறப்புச் சான்றிதழில் நேரம் இல்லை. நான் வேலை முடிந்து ஆசுபத்திரிக்குப் போனபோது பிள்ளை பிறந்துவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்ததும் உம்முடைய தங்கையைக் கேட்டேன். "எனக்கெப்பிடி ஞாபகம் இருக்கும்?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு ஆசுபத்திரியில் இருந்து நான் முதலில் தொலைபேசி எடுத்தது உமக்கு. பிள்ளை பிறந்த நேரத்தை நீர் கலண்டரில் குறித்தீரா என்று தேடிப் பாரும். இருபத்தேழு வருடமாக நான் சிரித்துக்கொண்டிருந்த ஒன்றை இன்று கைநீட்டிக் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன். எது எப்படியானாலும் நம்முடைய செவ்வாயின் பெயர் மாறாது. 1820இல் இருந்து வந்த பெயர் அது.

மச்சாளுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உம்முடைய கூரைக்கும் என் முழங்காலுக்கும் இந்த வருடம் நல்லபடியாகக் கழியட்டும். சொந்தத்திலும் விளையாட்டிலும் என்றும் உமக்குக் கடமைப்பட்ட,

புவனேஸ்வரன்,
தாபகத் தலைவர், வெரிபீச் செவ்வாய்.

பின்குறிப்பு: அதே நாள் பின்னேரம். கடிதத்தை உறையில் இடமுதல் உம்முடைய தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அறைக்குள் போய், சேலைப் பெட்டியின் அடியில் இருந்து ஒரு பழைய உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். உள்ளே ஆரபியின் குறிப்பு. ஏழாம் இடத்தில் செவ்வாய், பாறைபோல உட்கார்ந்திருக்கிறது. கூடவே உம்முடைய கையெழுத்தில் அவளுக்கு எழுதிய துண்டு: "தங்கச்சி, சாத்திரியாரிட்டக் காட்டினனான். செவ்வாயின்ர பேரில, சிவப்பு உடுத்தி, துவரை குடுத்து, செவ்வாய்தோறும் விடாமல் ஒரு காரியம் நடத்தினால் பிள்ளைக்கு நல்லதாம். உன்ர மனுசனுக்குச் சொன்னால் குதிப்பார். இங்கிலாந்துக் கதை எண்டால் கேட்பார். இங்கை புதன் எண்டொரு கழகம் இருக்கு. மிச்சத்தை நான் எழுதுறன்."

இருபத்தைந்து வருடம், மச்சான்! இருபத்தைந்து ஆண்டு விழாப் பேச்சு! நான் நடத்தியது கழகம் இல்லையாம், பரிகாரமாம். கலண்டர் ஒன்றும் தேட வேண்டாம். குறிப்பைப் படம் எடுத்து ஆரபி சிட்னிக்கு அனுப்பிவிட்டாள். வேதவல்லி அம்மாள் தொலைபேசியில் சிரித்த சிரிப்புக் குசினிவரை கேட்டது. நிச்சயதார்த்தத்துக்கு அவர்கள், முருகனுக்கு உகந்த நாள் என்று, செவ்வாய்க்கிழமை கேட்டார்கள். பயிற்சி இருக்கிறது, வரமுடியாது என்று ஆரபி சொல்லிவிட்டாள். தாய்மாமன் நீர் முன்கூட்டியே வந்து சேரும். உம்மை இரண்டு கேள்வி கேட்க இருக்கிறது.

அந்தத் துண்டின் மறுபக்கத்தில் சாத்திரியாரின் விலாசமும் இருக்கிறது. லண்டன், ஈஸ்ட் ஹாம். ஆகவே எங்கள் கழகம் இங்கிலாந்தில் இருந்து வந்தது என்று நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழை இல்லை. ஞாயிறு பொதுக்கூட்டத்தில் வழமைபோலப் பேசுவேன்.