பத்துக்கு மூன்று

மாஸ்டர் தன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் இணையதள வினாடி வினாவில் தானே தோற்றுப்போனார். பத்துக்கு மூன்று. 'நீங்கள் நடந்து போவதே ஊருக்கு நல்லது' என்றது திரை. காலமெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனுஷனிடம் சொல்கிற பேச்சா இது?

"ஒரு கேள்விக்கு அஞ்சு விநாடிதான் மச்சான். நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு" என்றான் மைத்துனன்.

எல்லாம் அவன் கைங்கரியம். பள்ளியின் இணையதளத்தை ஈ காக்கை எட்டிப்பார்ப்பதில்லை என்று மாஸ்டர் புலம்ப, "ஒரு விட்ஜெட் ஒட்டிடலாம்" என்றான். யாரோ செய்து வைத்திருக்கும் குட்டி விளையாட்டு அது. நாலு வரி நிரலை நம் பக்கத்தில் ஒட்டினால் வேலை முடிந்தது. தோற்றவர்கள் வகுப்பில் சேர்வார்கள் என்பது கணக்கு.

முதலில் கேள்விகள் சுலபமாக இருந்தன. எல்லோரும் ஜெயித்தார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர்கூட, "அதான் பாஸாயிட்டோமே" என்று நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மைத்துனன் நேரத்தைக் குறைத்தான்.

மனைவி கைப்பேசியோடு வந்தாள். "ஏங்க, முதல் பக்கத்துல 'கடைசியாகத் தோற்றவர்: மாஸ்டர்'னு ஓடுதே. நல்லாவா இருக்கு?"

பள்ளியின் உரிமத்தை இந்த வாரம் புதுப்பிக்க வேண்டும். இணையதளத்தையும் பார்த்துவிட்டுத்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"மாப்ளே, அதைத் தூக்கிடு."

"தூக்கினா விளையாடினவங்க அதுல குடுத்த போன் நம்பரெல்லாம் போயிடும் மச்சான். வேற யாராவது தோத்தா உங்க பேரு தானா மறைஞ்சிடும்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். "நீ கொஞ்சம் தோத்துட்டு வாயேன்."

ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாத அவள் உட்கார்ந்தாள். பத்துக்குப் பத்து.

"பின்சீட்டுல உட்கார்ந்து உங்களைத் திட்டித் திட்டியே வந்துடுச்சு" என்றாள்.

மைத்துனன் சளைக்கவில்லை. இணையதளத்தைத் திறந்தாலே வினாடி வினா குறுக்கே வந்து நிற்கும்படி செய்தான். பெயரைப் போட்டு விளையாடி முடித்தால்தான் உள்ளே விடும். "வர்ற முதல் ஆளு தோத்தாகணும். நீங்க நிம்மதியா டீ குடிங்க" என்றான்.

டீ ஆறுவதற்குள் மாஸ்டரின் பெயர் மறைந்தது. நிம்மதியாகத்தான் இருந்தது, புதிய வரியைப் படிக்கும்வரை.

'கடைசியாகத் தோற்றவர்: உரிம அதிகாரி. பத்துக்கு ஒன்று.'

பழக்க தோஷம். பெயர் கேட்ட இடத்தில் மனுஷர் பதவியைப் போட்டிருக்கிறார்.

"அவரைத் தூக்குடா முதல்ல" என்று மாஸ்டர் எழுந்துவிட்டார். மைத்துனன் பதற்றத்தில் எதையோ அழுத்தினான். அந்த வரி இப்போது பெரிய எழுத்தில், சிவப்பாக, கண்சிமிட்டி ஓடியது.

தொலைபேசி அடித்தது. "நான்தான். நேர்ல வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார் அதிகாரி.

மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த உரிமத்தைப் பார்த்தார். அழுகை வரும்போல் இருந்தது. மைத்துனன் கம்ப்யூட்டரின் வயரையே பிடுங்கிவிட்டான். கம்ப்யூட்டர் அணைந்தது. மனைவியின் கைப்பேசியில் அந்த வரி ஜோராக ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி வந்தார். மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார். கதவைத் தாழிட்டார்.

"சார், தப்பு நடந்துபோச்சு. அந்தக் கேள்வியெல்லாம் சும்மா, விளையாட்டுக்குப் போட்டது" என்று மாஸ்டர் கையைக் கூப்பினார். "அதை வச்சு உரிமத்தை நிறுத்திடாதீங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"உரிமம் கிடக்கட்டும் மாஸ்டர். எனக்கு டெஸ்ட் வைக்கத்தான் தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. கிளாஸ் எப்ப ஆரம்பிக்கலாம்?"