நாற்பத்தெட்டு அரை நிமிடங்கள்

சொட்டண்ணை மாதிரி ஒரு பிடிவாதக்காரர் உள்ளே வரப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், ஜெர்மனி அரசாங்கம் அந்த ஒரு நாள் மட்டுமாவது எல்லையை மூடி வைத்திருக்கும். விதிமுறைக்குப் பேர்போன நாட்டில், விதிமுறையைப் பார்த்து 'இது போதாது' என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் அகதியாக வந்தவர். இங்கே தொழிற்பயிற்சி முடித்து, ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அங்கேயே நரைத்தவர். ஹனோவரிலிருந்து ரயிலில் முக்கால் மணி என்பதற்கு மேல் அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொல்லமாட்டேன். நான் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

பெயர் வந்த கதை சுருக்கமானது. முதலாண்டு மாணவர்கள் செய்யும் டைட்ரேஷனுக்கு அவர்தான் பொறுப்பு. கீழே குடுவையில் அமிலம், மேலே நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் குடுவை இளஞ்சிவப்பாகும். அந்த நிறம் அரை நிமிடம் மங்காமல் நின்றால்தான் முடிவு. மங்கினால் இன்னொரு சொட்டு. மாணவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, 'இன்னும் ஒரு சொட்டு' என்று ஜெர்மன் மொழியில் அவர் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் நாங்கள் நாலு தமிழர்கள் அந்தப் பெயரை வைத்தோம்.

வீட்டிலும் அதே கதைதான். ஒருமுறை மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். ஆறு பேர் தட்டோடு உட்கார்ந்திருக்க, அவர் அடுப்படியில் தேங்காய்ப்பால் சொதிக்கு எலுமிச்சைச் சாறு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு, ஒரு கலக்கு, ஒரு ருசி, அரை நிமிட மௌனம்.

"இவர் புளி விட வெளிக்கிட்டால், பிள்ளை, மத்தியானச் சோறு பின்னேரம்தான்," என்றார் அவருடைய மனைவி. "கலியாணம் பேசி வந்த நேரமும் ஓம் எண்டு சொல்ல அரை நிமிசம் எடுத்தவர். என்ரை அய்யா எழும்பிப் போகப் பாத்தார்."

பிறகு கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டினார்கள். காணொளிக் கூட்டத்தில் பேராசிரியர் திட்டத்தை விளக்கினார். டைட்ரேஷனை மூன்று நிமிட வீடியோவாக எடுத்து அனுப்பிவிடுவோம், மாணவர்கள் அளவைப் பார்த்துக் கணக்குப் போட்டு அனுப்பட்டும், முடிந்தது செய்முறை வகுப்பு. எல்லோரும் தலையாட்டினோம். சொட்டண்ணையின் படம் மட்டும் அசையவில்லை. இணைப்பு போய்விட்டது என்று பேராசிரியர் சொல்லத் தொடங்கியபோது அந்தப் படம் வாயைத் திறந்தது.

"அது பரிசோதனை இல்லை, சமையல் நிகழ்ச்சி," என்றது, சுத்தமான ஜெர்மனில்.

கூட்டம் முடிந்ததும் எனக்குப் போன் செய்தார். நான் அப்போது ஆராய்ச்சி மாணவி. அந்த வகுப்பை ஆன்லைனுக்கு மாற்றும் பொறுப்பு என் தலையில் கட்டப்பட்டிருந்தது.

"பிள்ளை, வகுப்பிலை ஒவ்வொருத்தருக்கும் வேறை வேறை கரைசல் குடுக்கிறனான். ஒரு வீடியோ எண்டால் ஒரு விடை. ஒருத்தன் செய்வான், மிச்ச நாப்பத்தேழு பேரும் பாத்து எழுதுவினம். ஏலாது."

"அண்ணா, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இது எமர்ஜென்சி."

"நாப்பத்தெட்டுப் பேருக்கும் நாப்பத்தெட்டு வீடியோ எடுப்பம்."

சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கல்லூரியில் செய்முறைத் தேர்வன்று, தட்டில் இருக்கும் உப்பின் பெயரை லேப் அட்டெண்டர் ஜன்னலோரம் வந்து இருமிவிட்டுச் சொல்லிப் போவார். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் டைட்ரேஷன் அளவே பக்கத்து மேஜைக்காரியுடையது. அப்படிப் படித்து வந்தவளிடம் இவர் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர், 'உங்கள் நேரம், உங்கள் கை' என்று சொல்லிவிட்டார். ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம் என்பது கொரோனா விதி. காலையில் நான் உள்ளே போய் செல்போனைக் கிளாம்பில் மாட்டிவிட்டு வெளியே வருவேன். பிறகு அவர் போவார். கதவின் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டு நிற்பேன், சத்தம் கேட்காது. இஸ்திரி போட்ட வெள்ளைக் கோட், புதிதாக மழித்த முகம், அதன்மேல் முகக்கவசம், ஒவ்வொரு குடுவையிலும் ஒரு மாணவரின் பெயர்.

"அண்ணா, வீடியோல கை மட்டும்தான் தெரியும். எதுக்கு ஷேவ் எல்லாம்?"

"கைக்குப் பின்னாலை ஒரு ஆள் நிக்கிறான் எண்டு பிள்ளையளுக்கு விளங்க வேணும்."

பதினேழாவது குடுவையில் ஒரு சொட்டுக் கூடிப்போய், இளஞ்சிவப்பு பீட்ரூட் நிறமாகிவிட்டது. மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு யோனாஸ் என்ற அந்தப் பதினேழாவது மாணவனுக்கு, 'தங்கள் கரைசலுக்கு என்னால் நேர்ந்த கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்' என்று முறையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்தார். யோனாஸ் பயந்துபோய், தன்மேல் ஏதாவது புகாரா என்று எனக்குப் போன் செய்தான்.

உண்மையான தலைவலி அந்த அரை நிமிடம்தான். நிறம் நிற்கிறதா என்று காத்திருக்கும் நேரத்தில் அவர் மாணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கிவிடுவார். 'லேனா, அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டதா? சமையலறை மேஜையில் படித்தால் முதுகு வலிக்கும், தலையணை வைத்துக்கொள்.' முதல் இரண்டு வீடியோவைப் பார்த்ததுமே பேராசிரியர், தனிமனிதத் தகவல் பாதுகாப்பு என்று மிரண்டார். நிறம் வந்ததும் வெட்டு என்று எனக்கு உத்தரவு.

வெட்டினேன். என் ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் இருந்தது, விசா அதன் வாலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து அந்தப் பேராசிரியருடையது. அவர் கழுத்தை வெட்டச் சொல்லியிருந்தாலும் யாருடையது என்று மட்டும் கேட்டிருப்பேன். இரண்டாவது வீடியோவுக்குப் பிறகு ஒலியைக்கூட நான் கேட்கவில்லை. சிவப்பு தெரிந்ததும் வெட்டி, மிச்சத்தைக் கணினியில் ஒரு மூலையில் போட்டேன்.

பத்து வீடியோ வெளியானதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அரை நிமிசத்தை ஏன் வெட்டினனீங்கள்? நிறம் நிண்டதோ இல்லையோ எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"அண்ணா, பேர் சொல்லிப் பேசக்கூடாதாம். என் கான்ட்ராக்ட் விஷயம் உங்களுக்குத் தெரியும்ல?"

"சரி. வெட்டுறது உங்கட வேலை, கதைக்கிறது என்ரை வேலை," என்றார். மிச்ச முப்பத்தெட்டிலும் பேசிக்கொண்டேதான் இருந்தார். கண்ணாடி வழியாக அவருடைய முகக்கவசம் அசைவது தெரியும்.

பருவ இறுதியில் நான் அறிக்கை எழுதினேன். பேராசிரியருக்குப் பிடிக்க வேண்டுமே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: நாற்பத்தெட்டு வெவ்வேறு அளவுகள் கைவசம் இருப்பதால், ஆண்டுதோறும் மாற்றி மாற்றிக் கொடுத்து இவற்றையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.

அந்த வரிதான் அவரைத் தின்றது. ஒரே ஒரு வீடியோ எடுத்திருந்தால் விடை ஒரே ஆண்டில் ஊருக்கே தெரிந்து, மறு ஆண்டு ஆய்வகத்தைத் திறந்தே ஆகவேண்டியிருக்கும். யாரும் பார்த்து எழுதக்கூடாது என்று மல்லுக்கு நின்று நாற்பத்தெட்டு எடுத்தாரே, அதனால்தான் அவர் தேவையில்லை என்றாகிவிட்டது. கொரோனா போனது, டைட்ரேஷன் வீடியோவிலேயே நின்றுவிட்டது. ஆய்வக மேஜைகளைப் பெயர்த்துவிட்டு, மாணவர்கள் சாய்ந்து படுக்கப் பஞ்சு மூட்டைகள் போட்டார்கள். இந்த நாட்டில் அவ்வளவு சுலபமாக வேலையை விட்டு அனுப்ப முடியாது. அதனால் அவரைப் பின்கட்டிடத்தில் பார்சல் வாங்கும் அறைக்கு மாற்றினார்கள்.

அங்கே போய் ஒருநாள் ஒப்புக்கொண்டேன்.

"அண்ணா, அந்த லைனை எழுதினது நான்தான்."

கையிலிருந்த பார்சலின் சீட்டை மூன்று தரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும். வாசிச்சனான். பிழை ஒண்டும் இல்லை. ஒப்பந்தம் நீட்டினவையோ?"

"நீட்டிட்டாங்க."

"அப்ப சரி. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

அந்தத் தேநீர் வர இருபது நிமிடம் ஆனது. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாகக் குடித்திருப்பேன்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிதாக வரும் பிள்ளைகள் அவருடைய கைகளைப் பார்க்கிறார்கள். வீடியோவின் முடிவில் தயாரிப்பு என்று ஒரு பெயர் வரும். அது என் பெயர். அதற்காக எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அதை மேஜை இழுப்பறையில் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

போன மாதம் பழைய கணினியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். காலி செய்யும்போது அந்த மூலை அகப்பட்டது. நாற்பத்தெட்டுத் துண்டுகள், ஆளுக்கு அரை நிமிடம். முதன்முறையாக எல்லாவற்றையும் ஒலியோடு கேட்டேன். பல் வலிக்காரனுக்கு ஒரு வார்த்தை, காதலி விட்டுப்போனவனுக்கு ஒரு வார்த்தை, யோனாஸிடம் இன்னொரு மன்னிப்பு. கடைசித் துண்டுகள் ஒன்றில், மாணவரிடம் இரண்டு வாக்கியம் பேசி முடித்துவிட்டு, அவர் திடீரென்று தமிழுக்கு மாறினார்.

"பிள்ளை, இதையும் நீங்கள் வெட்டுவியள். வெட்டுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன். விசா அலுவல் முதல் சரிவரட்டும். கதவுக்கு வெளியிலை குளிருக்குள்ளை நிக்கிறியள், நாளைக்கு ஒரு கம்பளிச் சட்டை கொண்டு வாறன்."

மறுநாள் அவர் ஒரு கம்பளிச் சட்டை கொண்டு வந்ததும், ஏன் என்று நான் கேட்காமலே போட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. ஜெர்மனியில் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி ஒரு அண்ணன் இருந்திருக்கிறார். அந்தச் சட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, நாளைக்கு அவரைப் பார்க்கப் போகும்போது அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன்.