கழுத்துத் தலையணையில் தட்டை

மாட்டுங்கா, மும்பை
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய கோயம்புத்தூர் சம்பந்தி அவர்களுக்கு, சுந்தரராமன் நமஸ்காரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் வாலாம்பாளும், பையன் அஷ்வத்தும், தங்கள் குமாரத்தி ஷ்ருதியும் சௌக்கியம். தங்களுக்கு ரத்த அழுத்தமும் சம்பந்தி மாமிக்கு மூட்டு வலியும் தணிந்து இருவரும் தேக சுகத்தோடு இருக்க அம்பாளை வேண்டுகிறேன்.

என் சஷ்டியப்தபூர்த்திக்கு வெள்ளிக் கும்பா, பட்டு வேஷ்டி என்று போகாமல், மும்பையிலிருந்து கோவா போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்த தங்கள் பெரிய மனசை நான் மறக்கமாட்டேன். மறக்க முயன்றாலும் முடியாது. அந்தப் பயணத்தைப் பற்றி ஷ்ருதி தங்களிடம் போனில் சொன்னதாகவும், நடுநடுவே பேச முடியாமல் சிரித்ததாகவும், தாங்களும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சிரித்ததாகவும் அறிந்தேன். சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் உத்தியோக காலம் முழுவதும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தணிக்கைப் பிரிவில் இருந்து, குண்டூசிக்குக்கூட விளக்கம் கேட்டவன் என்ற முறையில், நடந்ததை நடந்தபடி தங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை.

டிக்கெட்டோடு கப்பல்காரர்களின் விதிமுறைகளும் வந்தன. வெளி உணவு, பானங்கள் எதையும் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது. கைக்குழந்தைக்கும், டாக்டர் சீட்டு உள்ள நோயாளிக்கும் மட்டும் முன் அனுமதி வாங்கிக்கொண்டு கொண்டுவரலாம். நான் அதைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வாலாம்பாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"வெளி உணவுன்னா ஹோட்டல்லேர்ந்து வாங்கிண்டு போறதுன்னா. நான் பண்றது ஆத்து உணவு. அதுக்கு இதுல ஒண்ணும் போடலையே" என்றாள்.

கப்பல்காரனுக்கு எது வெளி, எது உள் என்று நான் வெகுநேரம் விளக்கினேன். கடைசியில், "சரி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சம்பந்தி, கல்யாணமானதிலிருந்து அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. தணிக்கைக்காரனாகிய எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

புறப்படுகிற அன்று அவள் என்னிடம் காட்டிய கரிசனத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க கழுத்து எலும்பு தேஞ்சிருக்கோன்னோ, இதைப் போட்டுக்கோங்கோ" என்று குதிரைலாடம் மாதிரி ஒரு தலையணையைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். இடுப்பு வலிக்கு இதமாக இருக்கும் என்று ரப்பர் வெந்நீர்ப் பையைச் சட்டைக்குள்ளே வைத்துத் துண்டால் இறுக்கிக் கட்டினாள். அஷ்வத்தின் காரில் மாட்டுங்கா தாண்டுவதற்குள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தலையை இந்தப் பக்கம் திருப்பினால் கறுக். அந்தப் பக்கம் திருப்பினால் மொறுக். கார் பள்ளத்தில் இறங்கினால் எலும்பே நொறுங்குகிற மாதிரி சத்தம். "டேய், கழுத்து போயிடுத்துடா, வண்டியைத் திருப்பு" என்றேன். அவனோ, "வந்தவுடனே எக்ஸ்-ரே எடுத்துடலாம்ப்பா" என்று ஆறுதல் சொன்னான். வாலாம்பாள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்-ரே எடுத்தது என்னவோ துறைமுகத்தில்தான்.

பிள்ளைகள் எங்களை இறக்கிவிட்டுப் போனபின் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் தாராவியைச் சேர்ந்த ஒரு தம்பதி. அவர் சலாவுதீன், தோல் பை செய்யும் பட்டறை வைத்திருப்பவர். அவர் மனைவி பேகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அந்த அம்மாள் கையில் ஒரு பெரிய அடுக்கு டப்பா. நான் மரியாதையாக, "உணவு கொண்டுபோகக் கூடாதும்மா, விதி இருக்கு" என்றேன். "எங்களுக்குத் தெரியும்ங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் வாலாம்பாளோடு புடவை விலை பேச ஆரம்பித்துவிட்டாள். விதியை இப்படி மதிக்காமல் இருந்தால் நாடு எப்படி உருப்படும் என்று எனக்கு ஒரே கொதிப்பு. வரிசையை விட்டு விலகிப் போய், அங்கே நின்ற செக்யூரிட்டிப் பெண்ணிடம் என் ஹிந்தியில் விஷயத்தைத் தெரிவித்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் நேரே வந்து டப்பாவைத் திறக்கச் சொன்னாள். பேகம் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். சலாவுதீனுக்குக் குடலில் ஆபரேஷன் ஆகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். குழைந்த சாதம், கஞ்சிப் பொடி தவிர வேறு ஒன்றும் ஆகாது. டாக்டர் சீட்டும் கப்பல்காரர்கள் கொடுத்த அனுமதியும் முறையாக இருந்தன. செக்யூரிட்டிப் பெண் அவருக்கு ஒரு சல்யூட் அடித்து அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், வோ தகியா உதாரோ" என்று தலையணையைக் கழற்றச் சொன்னாள். நான் கம்பீரமாகக் கழற்றிப் பெல்ட்டில் வைத்தேன். இயந்திரம் நின்றது. திரையைப் பார்க்க ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார், நாயையும் கூட்டிவந்தார்கள். அந்த நாய் குரைக்கவில்லை சம்பந்தி. தலையணைமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டது. ஜிப்பைத் திறந்தார்கள். உள்ளே பஞ்சு கிடையாது. பூராவும் தட்டை. ஒரு தட்டை மட்டும் பெல்ட்டிலிருந்து குதித்து, சக்கரம் மாதிரி உருண்டு போய் சலாவுதீன் காலடியில் விழுந்தது. என் கழுத்து எலும்பு என்று நினைத்து அதுவரை பயந்ததெல்லாம் கடலைப்பருப்பு போட்ட தட்டைக்காக என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் இடுப்பு. "இது வெறும் வெந்நீர்" என்று அடித்துச் சொன்னேன். மூடியைத் திறந்து டம்ளரில் சாய்த்தாள். கன்னங்கரேலென்று விழுந்தது. "பானி காலா க்யோன் ஹை?" என்று கேட்டாள். தண்ணி ஏன் கறுப்பா இருக்குன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? என் உடம்புலேர்ந்துதான் ஏதோ இறங்கிடுத்தோன்னு ஒரு நிமிஷம் இடுப்பைத் தடவிப் பார்த்துண்டேன். அப்புறம்தான் வாசனை வந்தது. டிகாக்ஷன். முதல் டிகாக்ஷன். வரிசை முழுக்க மணத்தது. பின்னால யாரோ, "அடடா!"ன்னார்.

எல்லாவற்றையும் சீட்டுப் போட்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் வாலாம்பாளைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்க கழுத்து, உங்க இடுப்பு" என்றாள்.

கப்பலில் ஏறினதும் நான் சாப்பிடமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். மானஸ்தன் வேறு என்ன செய்வான்? அவளுக்காவது இதில் வருத்தம் இருக்கும், பட்டினி கிடப்பாள், அப்போது நான் விதிகளின் அருமையைச் சொல்லலாம் என்று இருந்தேன். அவளோ பேகத்தோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய், நூடுல்ஸை இரண்டு குச்சியால் தூக்கத் தூக்க அது நழுவ, இரண்டு பேரும் சின்னப் பெண்கள் மாதிரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வெளிச் சாப்பாடு உனக்குப் பிடிக்காதே?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன, எதுவானாலும் சரி. பூண்டு வாசனை பட்டா உங்களுக்குத்தான் நெஞ்சு எரியும், காபி சரியில்லேன்னா தலை வலிக்கும். உங்களுக்காகத்தானே கட்டிண்டு வந்தேன்? நான் ஒரு தட்டையாவது திம்பேனா? எனக்குப் பல்லே ஆடறது" என்றாள்.

சம்பந்தி, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணித்து. பசியாகவும் இருக்கலாம். சாயங்காலம் கப்பல் ஆட ஆரம்பித்தது. மேல் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பேகம் ஒரு கிண்ணத்தோடு வருகிறாள். "அண்ணே, காலையிலயிருந்து ஒண்ணும் சாப்பிடலையாமே? கஞ்சி. வெங்காயம், பூண்டு போடல. குடிங்க." நான் யாரைப் போய்க் காட்டிக்கொடுத்தேனோ அந்த அம்மாள், எந்த டப்பாவைக் காட்டிக்கொடுத்தேனோ அந்த டப்பாவிலிருந்து! பக்கத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த சலாவுதீன் கண்ணைத் திறக்காமலே, "சார், உப்பு சரியா இருக்கா? இல்லன்னா செக்யூரிட்டியக் கூப்பிடுவமா?" என்று கேட்டார். நான் வெட்கத்தில் கிண்ணத்தை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. முழுக்கக் குடித்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டேன், மன்னிக்கணும்" என்றேன். "மன்னிப்பெல்லாம் எதுக்கு சார்? இந்தக் கஞ்சியக் குடிச்சுக் குடிச்சு எனக்கு வெறுத்துப்போச்சு. பங்குக்கு ஒரு ஆள் கெடச்சுதேன்னு சந்தோசமா இருக்கு" என்றார். அதன்பின் கோவாவைப் பார்த்ததும் அவரோடுதான், கஞ்சி குடித்ததும் அவரோடுதான். மனைவிமார் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகையால் சம்பந்தி அவர்களே, நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இனி எங்களுக்குக் கப்பல், விமானம், மலை ரயில் எதுவும் வேண்டாம். வாலாம்பாளுக்கும் ஆசை தீர்ந்துவிட்டது; வீட்டை விட்டு எங்கும் நகரமாட்டாள் என்பது என் உறுதியான அபிப்பிராயம். நாங்கள் மாட்டுங்காவிலேயே எங்கள் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, தங்கள் புகழைப் பேசிக்கொண்டு இருக்கிறோம். மாமிக்கு என் நமஸ்காரங்கள். சகல மங்களமும் தங்கள் இல்லத்தில் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் விதேயன்,
சுந்தரராமன்

பின்குறிப்பு: சம்பந்தி மாமாவுக்கு வாலாம்பாள் நமஸ்காரம். தபால்ல போடச் சொல்லி இவர் குடுத்தார். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சேன். தை மாசம் நானும் பேகமும் லட்சத்தீவுக் கப்பல்ல போறோம், டிக்கெட் எடுத்தாச்சு. சலாவுதீன் அண்ணாவை அவர் தங்கை பாத்துப்பா. இவரை என்ன பண்றதுன்னுதான் தெரியாம இருந்தேன். ஷ்ருதிதான் வழி சொன்னா: அந்த ஒரு வாரமும் இவர் கோயம்புத்தூர்ல உங்காத்துல இருக்கட்டும். காலம்பர காபி மட்டும் ரெண்டு தடவை குடுத்துடுங்கோ, மத்தபடி வாயே திறக்க மாட்டார். இவர்கிட்ட இன்னும் சொல்லலை. நீங்களே ஆசைப்பட்டுக் கூப்பிடறாப்ல ஒரு கடுதாசி போட்டுடுங்கோ.